பசை காயும் நேரம்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒவ்வொரு முருங்கைக்காயையும் முறுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். இன்ஜினீயர் ஷ்யாமளா வருகிறாள் என்றாலே காய்க்காரன் முகம் சுருங்கிப் போகும். ஆனால் பாலத்து வேலையில் அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போடுகிறது.

கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு பழைய பாலம். இடிக்க வேண்டாம், உத்தரங்களின் அடியில் கார்பன் நாரில் நெய்த துணியைப் பசைபோட்டு ஒட்டினால் இன்னும் முப்பது வருஷம் தாங்கும் என்று முடிவாயிற்று. துணி கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நாணயத்தால் தட்டினாலே தெரிந்துவிடும். மூன்றாவது உத்தரம் காலி டப்பா போலச் சத்தம் போட்டது; துணி பிடிக்கவே இல்லை.

முதல் இரண்டையும் ஒட்டியது வேறு ஆட்கள்; இதை ஒட்டியவர் புதிதாகச் சேர்ந்த பூதத்தான். தாராவித் தோல் பட்டறையில் இருபது வருஷம் பை ஒட்டியவர். அவர் மச்சினன் இன்னும் அங்கே பட்டறை நடத்துகிறான். போதாதா எனக்கு? பசையை மச்சினனுக்குக் கடத்திவிட்டு இங்கே பேருக்குப் பூசுகிறார் என்று தீர்மானித்துவிட்டேன். பசை பூசியதும் ஆட்களை டீக்கு அனுப்பிவிட்டு அவர் தனியாக இருக்கிறார் என்று வாட்ச்மேன் அல்தாப் வேறு சொல்லியிருந்தான். ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் ‘பசைத் திருட்டு’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டால் அன்றோடு அவருக்கு வேலை போய்விடும்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டுப் போடலாம் என்று மத்தியானம் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். வேர்த்து ஊற்றியது.

பூதத்தான் நான்காவது உத்தரத்தில் பசையைத் தாராளமாகப் பூசினார். டப்பாவில் ஒரு சொட்டு மிச்சமில்லை, வழித்துப் பூசினார். ஆட்களை அனுப்பினார். பிறகு சாரப் பலகையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி கழித்துப் பசையை விரலால் தொட்டுப் பார்த்துத் துணியை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நிறுத்துங்கோ! இத்தனை நேரம் எதுக்கு சும்மா உக்காந்திருந்தேள்?”

“பசை காயணும்லா மேடம். வெரல்ல ஒட்டாத பதம் வந்த பொறவுதான் தோல ஒட்டுவோம். பயலுவளுக்குப் பொறுமை கெடையாது, ஈரத்துலயே அப்பிருவானுவ. அதான் டீக்கு அனுப்பிருதேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். “இது தோல் ஒட்டற சொல்யூஷன் இல்லை! ஈரத்தோட ஒட்டினாத்தான் பசை துணிக்குள்ள ஊறும். காஞ்சா எல்லாம் போச்சு. யார் உங்களைக் காயவைக்கச் சொன்னா?”

அவர் துணியைப் பலகைமேல் வைத்தார்.

“நீங்கதான மேடம் சொன்னீங்க. மொத நாளு நான் வந்து கேட்டேம்லா. ‘தோல் ஒட்டினவருக்குப் பசையைப் பத்தி நான் சொல்லித் தரணுமா, அங்க பண்ணின மாதிரியே பண்ணுங்கோ’ன்னீங்க.”

சொல்லியிருந்தேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ரெண்டையும் சொரண்டிட்டு மறுபடி ஒட்டிருதேன் மேடம். எம் பேரு மட்டும் கெட்டுராம பாத்துக்கிடுங்க.”

பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தேன். ‘பசைத் திருட்டு’ என்பதை அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.