போத்தேச்சி வாங்கிய அடிகள்

ஹிசாயோவுக்கு விளையாடுவதுதான் உத்தியோகம். சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய சிரிப்பையெல்லாம் அவளுடைய அக்கா கினுவே ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

"நாப்பத்தோரு வயசுல பொம்மைய வெச்சு விளையாடப் போறாளாம், அதுக்கு மத்தியானச் சோறு வேற கட்டிக் குடுக்கணுமாம்!" என்று ஒசாகாவின் தைஷோ கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, சோற்றையும் கட்டிக் கொடுத்தாள். கினுவேக்கு அந்தத் தெருவில் மீனை அரைத்துத் தட்டிப் பொரித்து விற்கும் கடை. மாடியில் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். சட்டியில் ஏதாவது ஒன்று கருகிவிட்டால் அது கினுவேயின் தட்டுக்குப் போகும். நல்லது ஹிசாயோவின் தட்டுக்கு வரும். "எனக்குக் கருகினதுதான் பிடிக்கும்" என்பாள். முப்பது வருஷமாக இதே பேச்சு.

ஹிசாயோ பதினெட்டு வருஷம் தொலைபேசி டைரக்டரி அச்சகத்தில் பிழை பார்த்தவள். ஒரே பெயர் கொண்ட நானூறு பேருக்கு நடுவே ஒரு எண் புரண்டிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும். அச்சகத்தை மூடியபின், நாலு தெரு தள்ளி ஒரு மூன்றாவது மாடியில் இருந்த வீடியோ கேம் கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் கம்பெனி. வெளியே போவதற்கு முன் விளையாட்டை நாள் முழுக்க விளையாடிப் பார்த்து, தப்பு கண்ட இடத்தில் ரோஸ் நிறச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பு பெரிதென்றால் மேலே 'ஏ', நடுத்தரம் 'பி', போனால் போகட்டும் என்றால் 'சி'. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவளுக்குப் பழகியதுதானே.

விளையாட்டு இதுதான்: காடு, வயல், ஆறு என்று சுற்றி விசித்திரப் பிராணிகளைப் பிடிக்க வேண்டும். நாலு பிராணிகளை வரிசையில் நிறுத்தி எதிராளியின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பிராணிகள். ஒவ்வொன்றுக்கும் விளையாட்டுக்குள்ளேயே ஒரு பக்கம் உண்டு. படம், பெயர், கீழே மூன்று வரி விவரம். எழுபதாவதிலிருந்து எண்பதாவது வரை உள்ளவற்றை வளர்த்துப் பார்ப்பது ஹிசாயோவின் பொறுப்பு.

அதில் எழுபத்து மூன்றாவதுதான் போத்தேச்சி.

மீன் என்று சொன்னால் மீன்தான். தொப்பை வயிறு. கண் என்று இரண்டு புள்ளி. வரைந்தவர் அவசரத்தில் வலது செவுளை இடதைவிடச் சின்னதாகப் போட்டுவிட்டார், யாரும் திருத்தவில்லை. எதிராளி மேல் சேறு வீசத் தெரியும், அதற்கு மேல் ஒரு வித்தையும் கிடையாது. அதன் பக்கத்தில் எழுதியிருந்த மூன்று வரியையும் பாருங்கள்:

சேற்றில் கிடக்கும்.
எதையும் தின்னும்.
எதற்கும் உதவாது.

பெற்ற பிள்ளையை இப்படியா எழுதி வைப்பார்கள்? ஹிசாயோவுக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே அதைக் கூடுதலாகச் சீராட்டினாள். வேலை அவசியப்படுத்தாத நாளிலும் வரிசையின் கடைசியில் அதை நிறுத்திக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் அது நடந்தது. அவள் வரிசையில் பியோமி என்று ஒரு கோழிக்குஞ்சுப் பிராணி, பிடித்து ஒரு மணி நேரம்கூட ஆகாதது. எதிரே கற்பாறை போல ஒன்று. அது அடித்த அடியில் குஞ்சு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. குஞ்சின் பலம் அப்படியே இருந்தது. வரிசைக் கடைசியில் சும்மா நின்றிருந்த போத்தேச்சியின் பலம் சரசரவென்று இறங்கி, மீன் சாய்ந்தது.

"அட!" என்றாள் ஹிசாயோ. கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி ஆடினாள். குஞ்சை மாற்றி ஒரு சுண்டெலியை வைத்தாள். வரிசையில் மிகச் சின்னது எதுவோ, அதன் உயிர் போகிற அடி எப்போது விழுந்தாலும், அதைப் போத்தேச்சி வாங்கிக்கொண்டது. யாரும் சொல்லாமல், எங்கும் எழுதாமல்.

அவள் கையிலிருந்த விளையாட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது ஞாபகம் வந்துவிட்டது. அம்மா போனபின் அக்காவும் தங்கையும் அத்தை வீட்டில் வளர்ந்தார்கள். அத்தைக்குத் தையல் வேலை, கையில் எப்போதும் மூங்கில் அளவுகோல். ஒருநாள் பூஜை அலமாரியில் காலமான மாமாவின் படத்துக்குச் சோறு வைக்கும் கிண்ணத்தை ஹிசாயோ கைதவறி உடைத்தாள். அத்தை வந்து நின்றதும் பன்னிரண்டு வயதுக் கினுவே முன்னால் போய், "நான்தான் அத்தை" என்று வலது கையை நீட்டினாள். அடி முடிந்ததும் கொல்லைப்புறம் வந்து, "வலிக்கவே இல்ல. பாவம், மூங்கிலுக்குத்தான் வலிச்சிருக்கும்" என்று சிரித்துக் காட்டினாள்.

சரி. இங்கேதான் ஹிசாயோ தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். வேறு யாராவது என்றால் இதை மனசுக்குள் வைத்து மகிழ்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவள் பதினெட்டு வருஷம் டைரக்டரி பார்த்தவள் ஆயிற்றே! தப்பு தப்புதான். ரோஸ் சீட்டை எடுத்தாள். அடி ஒருவர்மேல் விழ, பலம் இன்னொருவருக்குக் குறைகிறது என்று அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, மேலே 'ஏ' போட்டுக் கொடுத்துவிட்டாள்.

நிரல் எழுதுகிற உகாஜி சீட்டைப் படித்ததும் தலையில் கை வைத்தான். முப்பது வயது இருக்கும், மூன்று நாள் தாடி.

"ஹிசாயோ-சான், ஏன் இந்தக் கொலவெறி? 'சி' போட்டிருந்தா நானும் பாக்கல, நீங்களும் பாக்கலன்னு போயிருக்கும்ல?"

"பெரிய தப்பு இல்லையா அது?"

"பெரிய தப்புதான். கழிக்கிற கணக்கு வேற டப்பாவுல போய் விழுது. ஆனா அதைச் சரி பண்ணணும்னா சண்டை போடுற பகுதி மொத்தத்தையும் தொடணும். வெள்ளிக்கிழமை எல்லாம் தொழிற்சாலைக்குப் போகுது. இப்போ அதுல கை வெச்சா எது எங்க வெடிக்கும்னு எனக்கே தெரியாது."

"அப்போ?"

உகாஜி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மீனை எடுத்துடலாம். ஆத்துல அது வராமப் பண்ணிட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

ஹிசாயோ கையை நீட்டினாள். சீட்டைத் திருப்பிக் கொடுங்கள், கிழித்துப் போடுகிறேன் என்றாள். அது முடியாது. அந்தக் கம்பெனியில் எழுதிய சீட்டை எழுதியவர் திரும்ப வாங்க முடியாது. 'ஏ' சீட்டை மூடுவதற்கு மூன்றே முத்திரைதான் உண்டு: 'சரி செய்தாயிற்று', 'எடுத்தாயிற்று', 'இது இப்படித்தான்'.

மூன்றாவது முத்திரையைக் குத்த ஒருத்தருக்கு மட்டும்தான் அதிகாரம். விளையாட்டின் பொறுப்பாளர் நிஷிவாகி. ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். ஹிசாயோ நேரே அவர் மேசைக்குப் போய் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து அன்றுதான் அவரிடம் வாய் திறக்கிறாள்.

"எழுபத்து மூணை எடுக்க வேண்டாம்."

"ஏன்? உங்க சீட்டுதானே?"

"என் சீட்டுதான். ஆனா... ஒரு தடவை விளையாடிப் பாருங்க."

அவர் ஆடினார். கோழிக்குஞ்சை நிறுத்தினார். பாறை அடித்தது. குஞ்சு நின்றது, மீன் சாய்ந்தது. நிஷிவாகி பெட்டியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு தரம் ஆடினார்.

"ம்..." என்றார் கடைசியில். "எப்பவும் இப்படித்தான் செய்யுமா, எப்பவாவதா? எப்பவாவதுன்னா அது கோளாறு. எப்பவும்னா அது குணம். முப்பது தடவை காட்டுங்க. முப்பதுக்கு முப்பது இருந்தா முத்திரை குத்தறேன். ஒண்ணு குறைஞ்சாலும் எடுத்துடுவோம்."

மறுநாள் காலையில் ஹிசாயோ உட்கார்ந்தாள். உகாஜி பக்கத்தில் ஒரு தாளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு கோடு போட்டான். அந்த ஊரில் எண்ணுவது அப்படித்தான், ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு ஜப்பானிய எழுத்து. ஆறு எழுத்து வர வேண்டும்.

நினைத்த அளவுக்கு அது சுலபமாக இல்லை. மீன் பிழைக்க வேண்டுமென்றால் முப்பது தரம் மீனை அடி வாங்க வைக்க வேண்டும். என்ன நியாயம் இது? ஒவ்வொரு தரமும் அது சாயும்போது ஹிசாயோ வாய்க்குள்ளேயே "மன்னிச்சுக்கோ" என்றாள். பத்தாவது தடவைக்குமேல் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள். உகாஜி கிண்டல் செய்யவில்லை. பதினேழாவதுக்கு அவனே, "போதும்டா ராசா, இன்னும் பதிமூணுதான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னான்.

இருபத்து மூன்றாவதில் பாறைக்குப் பதில் ஒரு பாம்பு வந்து விஷம் கக்கியது. விஷத்தை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. உகாஜியின் பென்சில் நின்றது. குஞ்சின் பலம் குறைய ஆரம்பித்தது, பாதிக்கு வந்தது, கால்வாசிக்கு வந்தது. கடைசிச் சொட்டுக்கு வந்ததும் குஞ்சு நின்றது. மீன் சாய்ந்தது.

"அடப்பாவி, உன்னை நான் எழுதலையே!" என்று உகாஜி எழுந்து நின்றே கோடு போட்டான்.

முப்பதுக்கு முப்பது. அப்போது மணி நாலு. நிஷிவாகி தாளைப் பார்த்துவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தார், உடனே குத்தவில்லை.

"எங்கயாவது எழுதியிருந்தாதான் இது இப்படித்தான்னு சொல்லலாம். இல்லேன்னா வாங்கின பிள்ளைங்க கேசட் கெட்டுப்போச்சுன்னு கடைக்குக் கொண்டுவந்து நிக்கும். கையேடு அச்சாயிடுச்சு. அதோட பக்கத்துல மூணு வரி இருக்கில்ல, அதை மாத்துங்க. மூணு வரி, வரிக்குப் பதினெட்டு எழுத்து. ஒரு எழுத்து கூடினாலும் இடம் கிடையாது."

"யாரு எழுதணும்?"

"அதை உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அடுத்தவர் எழுதியதில் தப்பு பிடித்தே பழகிய கை, தானாக ஒரு வார்த்தை எழுதியது கிடையாது. ஹிசாயோ எழுதினாள், அடித்தாள், விரல்விட்டு எண்ணினாள். அரை மணி நேரத்தில் இரண்டு வரி வந்தது. விஷயம் அதிலேயே முடிந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நிஷிவாகி படித்தார். "மூணாவது வரி காலியா இருக்கே. காலியா விட்டா நாளைக்கு நீங்களே வந்து ரோஸ் சீட்டு எழுதுவீங்க."

உகாஜி சிரித்தான். ஹிசாயோ சிரிக்கவில்லை. அவர் மேசையிலிருந்த பென்சிலையே எடுத்து, நின்றபடி, எண்ணாமல், மூன்றாவது வரியை எழுதினாள். உகாஜி எண்ணிப் பார்த்தான். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்துச் சரியாகப் பதினெட்டு.

நிஷிவாகி வேறொன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.

வசந்தத்தில் விளையாட்டு கடைக்கு வந்தது. வேலை பார்த்த எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஹிசாயோ தன்னுடையதைக் கினுவேயின் கடைக்கே கொண்டு வந்தாள். பிற்பகல், கூட்டமில்லாத நேரம். கினுவே இஞ்சி போட்ட மீன் அப்பங்களைச் சட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் மூணு மாசம் சோறு கட்டினேனா? காட்டு, அந்தப் புகழ்பெற்ற மீனை."

ஹிசாயோ பக்கத்தைத் திறந்து நீட்டினாள். கினுவே எண்ணெய்க் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "ஐயே, செவுளு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. இப்படி ஒரு மீனை நான் சந்தையில தொடக்கூட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைச் சுருக்கிக் கீழே படித்தாள்.

சின்னவன் மேல் விழும்
அடியைத் தான் வாங்கும்.
வலிக்கலை என்று பொய் சொல்லும்.

கினுவேயின் வாய் நின்றது. அந்த வாய் நின்று கடைத்தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"யாருடி எழுதினது இதை?"

"நான்தான் அக்கா."

"பொய்யுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரி நீ இடது கையால சாப்பிட்ட."

கினுவே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். சட்டியிலிருந்து புகை கிளம்பியபின்தான் திரும்பிப் பார்த்தாள். "போச்சு! உன்னால ஒண்ணு கருகிப் போச்சு" என்று குரலை உயர்த்தினாள். குரல் சரியாக உயரவில்லை. நல்லதாக ஒன்றை எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தாள். கருகியதை வழக்கம்போலத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

ஹிசாயோ எட்டி அந்தக் கருகியதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது என்னோடது! கசக்கும், துப்புடி!"

"கசக்கவே இல்ல" என்றாள் ஹிசாயோ. நாக்கெல்லாம் கரியாகக் கசந்தது. "நல்லாத்தான் இருக்கு."