வெள்ளைத் திட்டு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், ஆளைப் பார்க்குமுன் அண்ணாந்து கூரையைப் பார்ப்பது வீட்டுப் பரிசோதகரின் வழக்கம். மைத்துனர் விற்கவிருந்த வீட்டின் கூரையில் ஒரு திட்டு மட்டும் புது வெள்ளையாகப் பல்லிளித்தது.

"ஒழுகலை அடைச்சாச்சு மச்சான். வாயை மூடிட்டுச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க."

"விரிசல் மேல, பூச்சு கீழயா? முதுகுல காயம்னா வயித்துல மருந்து தடவுவீங்களோ?"

"சொந்தம்னு உங்களைக் கூப்பிட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

வீடு வாங்க வந்தவள் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். "தொட்டிலை இங்க போடலாம்," என்று அந்தத் திட்டின் கீழ் இடம் காட்டினாள். பரிசோதகர் அவளை விலகச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த கோலால் திட்டைத் தட்டினார். ஈரப் பூச்சு, தட்டளவுக்குப் பெயர்ந்து, அவள் காட்டிய இடத்திலேயே விழுந்தது.

மைத்துனர் விழுந்த பூச்சையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான்மா பூசி மறைச்சேன். மேல்தளத்து விரிசலைக் கொத்தி ஒழுங்கா அடைச்ச பிறகுதான் விற்பேன்."

பரிசோதகரை முறைத்தபடியே உளியை எடுத்துக்கொண்டு அவர் மாடியேறினார்.