மூன்றாம் மாடியில் கடல்

1996 ஏப்ரலில், துபாய் கராமாவில் கோபாலசாமியின் மூன்றாம் மாடி வீட்டுக்குள் மட்டும் கடல் புகுந்தது. முழங்கால் அளவு. கீழ்வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, வாசற்படியையும் தாண்டவில்லை. முந்தைய வாரம்தான் தமிழ்ச் சங்க மலரில் அவருடைய எதிர்காலக் கதை வந்திருந்தது. 2060இல் பூமி சூடேறி, பனியெல்லாம் உருகி, துபாய் மூழ்குவதாக எழுதியிருந்தார். ஏசி கம்பெனி இன்ஜினியர் என்பதால் சூட்டைப் பற்றி எழுதத் தனக்கு முழுத் தகுதி உண்டென்று நம்பியவர். கதையைக் கடைசிவரை படித்தது பிழைதிருத்தியவர் மட்டுமே என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சோபாவுக்கடியில் நண்டு ஓடியபோது பயத்துக்கு முன்னால் பெருமைதான் வந்தது. தன் எழுத்து முதல்முறையாக யாரையோ நனைத்திருக்கிறது, அது தன்னையே என்றாலும்.

மனைவி சந்திரகலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "எழுதி வரவழைச்சது நீங்கதானே? எழுதியே போக வைங்க. இல்லேன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன்."

அன்றே இரண்டாம் பாகம் எழுதினார். கடலை உறிஞ்சிக் குளிர்காற்றாக்கும் இயந்திரம். முற்றுப்புள்ளி வைத்ததும் அது பீரோ உயரத்தில் ஹாலில் நின்றது. வீடு காய்ந்து ஊட்டியாகிவிட்டது. உறிஞ்சிய வெப்பம் எங்கே போகும் என்பதை மட்டும் எழுத மறந்திருந்தார். கம்பெனி விளம்பரத்திலும் அதை எழுதுவதில்லை.

அது எதிர்வீட்டுக்குப் போனது. அங்கே காயல்பட்டினத்துத் துணி வியாபாரி கௌஸ் முகைதீன் குடும்பத்தோடு இருந்தார். பிளாஸ்டிக் வாளிகள் உருகின. மூன்றாம் நாள் மயங்கிக்கிடந்த மகள் ஷிரினைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"சார், பிள்ளை கண்ணைத் தொறக்க மாட்டேங்குறா. உங்க வீடு குளுகுளுன்னு இருக்கு. கொஞ்சம் படுக்கப்போடட்டுமா?"

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கோபாலசாமிக்கு அதுதான் தாங்கவில்லை. சோபாவில் குழந்தை கண் விழித்ததும் மனைவியைப் பார்த்தார்.

"எழுதினதை அடிச்சுடுங்க," என்றாள் சந்திரகலா.

இரண்டாம் பாகம் முழுவதையும் அடித்தார். இயந்திரம் மறைந்தது. கடல் திரும்பி வந்து எல்லோருடைய முழங்காலையும் தொட்டது. கௌஸ் முகைதீன் குனிந்து ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இதை விரட்டவா சார் இவ்வளவு பாடு? எங்க ஊருல சாயங்காலமானா இதைத் தேடிப் போவோம்."

அடுத்த மலருக்குக் கோபாலசாமியிடம் கதை கேட்டார்கள். அவர் ரசம் வைக்கும் முறையை அனுப்பினார். வீட்டுக்காரர் கடல் வசதி உள்ளதென்று சொல்லி வாடகையை ஏற்றினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் இரண்டு குடும்பமும் டைனிங் டேபிள்மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொள்ளும். அலை கூடினால் சந்திரகலா டீவியை மேல்தட்டுக்கு மாற்றிவிடுவாள்.