ஹெப்சியின் குரல் நிற்கும் நேரம்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டிய அடுக்குமாடியில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஹெப்சி டீச்சருக்கு, புருஷன் வரும் கம்பெனி பஸ் வண்டலூர் பூங்காவைத் தாண்டும்போது குரல் மங்கும். பெருங்களத்தூர் நிறுத்தத்தில் பஸ் நின்றதும் குரல் அடியோடு நின்றுவிடும். தக்காளி கிலோ நூறைத் தாண்டிய ஆடி மாதத்தில் இது ஆரம்பித்தது. காலையில் அவன் நாவலூருக்குப் போனதும் குரல் திரும்பி வந்துவிடும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், அவனும் கோயிலுக்கு வருவதால், பாடகர் குழுவில் நின்று வாயை அசைத்துவிட்டு வருவாள். விஷயம் குரலோடு நிற்கவில்லை. அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் சட்டியைத் தவறவிட்டாலும் சத்தம் வராது, வளையல் சுவரில் இடித்தாலும் வராது, அவள் சட்னி அரைத்தால் மிக்ஸிகூட ஊமையாகச் சுற்றும். கீழ்வீட்டுத் தையல்நாயகி இதை வைத்துத்தான் உலை வைப்பாள். அந்த மனை ஒரு காலத்தில் அவள் மாமனார் நெல் போட்ட நிலம்; இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மூன்று வீடு அவள் பேரில் இருக்கிறது. படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கையில் ஹெப்சியின் பேச்சு பாதியில் அறுந்தால், "சார் பஸ்ஸு வந்துச்சு போலகீது, நீ மேல போ கண்ணு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போவாள்.

ஹெப்சியின் புருஷன் ஜாய்சனுக்கு இரைச்சலை அழிக்கும் வேலை. காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்பட்ஸ் இருக்கிறதே, அதில் வெளிப்பக்கம் ஒரு குட்டி மைக், உள்பக்கம் ஒரு குட்டி மைக். வெளியே வரும் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதற்கு நேர் எதிரான சத்தத்தை உள்ளே செய்து இரண்டையும் மோதவிடுவார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டால் தரை சமமாகிவிடுவது போல, இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். எதை இரைச்சல் என்று அது எடுத்துக்கொள்ளும் என்று கேட்டால், மாறாமல் வருவதை. ஏசியின் உறுமல், மின்சார ரயிலின் தடதடப்பு, ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி. அடுத்த நொடி என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் அழிப்பது சுலபம். தெரியாத ஒன்று வந்தால் அதற்குக் கை ஓடாது. ஆளுக்குத் தக்கபடி, இடத்துக்குத் தக்கபடி அது தானே கற்றுக்கொள்ள வேண்டும். அப்படிக் கற்றுக்கொடுப்பதற்காக, மாநிறத்தில் பட்டாணி அளவில் செய்த பரிசோதனைக் கருவியை ஜாய்சன் பஸ்ஸிலும் தெருவிலும் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தான். போட்டிருப்பது யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஹெப்சி முழங்காலிட்டு ஜெபிப்பாள். இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு வழக்கம். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனாலும் உள்ளதுதான். புருஷனிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பெண்கள் ஜெபத்தில் சொல்லிவிடுவார்கள். 'ஆண்டவரே, என் கணவருக்கு முன்கோபத்தைக் குறைத்தருளும்' என்பார்கள், 'என் தாயார் வந்து தங்கும் நாட்களில் முகம் சுளிக்காத மனதை அவருக்குத் தாரும்' என்பார்கள். கேட்க வேண்டியவர் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சேதி ஆண்டவர் வழியாகச் சுற்றிக்கொண்டு சண்டையில்லாமல் போய்ச் சேரும். ஜாய்சனும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போன பிறகு, ஹெப்சி தினமும் அதையே சொன்னாள். அதே வார்த்தைகள், அதே இடத்தில் அழுகை. அவனால் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. ஒரு நாள் கருவியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். மறுநாளும் அப்படியே. அது சீக்கிரமே அவள் ஜெபத்தைப் படித்துக்கொண்டது. ஏசியும் ரயிலும் போன வழியில் அவள் குரலும் போய், அவன் காதுக்குள் நிம்மதியானது. ஆமென் மட்டும் தவறக்கூடாது. அதற்காக ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, அவள் தலை நிமிர்ந்ததும் ஆமென் என்பான். வருஷம் இரண்டாகியும் பிசகவில்லை.

அந்த ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நடுவிலேயே தலை நிமிர்ந்தாள், மூக்கைத் துடைப்பதற்காக. ஜாய்சன் கணீரென்று ஆமென் சொல்லி, எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்து, "என்ன குழம்பு?" என்று கேட்டான். பதில் வராமல் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் முடியாமல் வாய் திறந்தே இருந்தது. அவன் அவசரமாகக் கருவியைக் கழற்றினான். அவள் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கழற்றியது தெரிந்துவிடாமல் அவன் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டான், ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தாம்பரத்துத் தொண்டை டாக்டர் ஒரு பழுதும் இல்லை என்றார். அவன் மருந்து வாங்க வெகுதூரம் போயிருந்த நேரத்தில் ஹெப்சி அவரிடம் தெளிவாகப் பேசியிருந்தாள். நாவலூரிலிருந்து அவன் போன் செய்தாலும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும் அவள் குரல் அவன் காதுக்கு வெறும் காற்றாகத்தான் வந்தது. பால் தீர்ந்தது, சிலிண்டர் வந்தது என்று போனில் எழுதி அனுப்புவாள். அன்றைக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தாய், எழுதிக் காட்டு என்று கேட்டபோது மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். குடியிருப்போர் சங்கத்து ஆண்கள் ஜாய்சனை லிப்டில் மடக்கினார்கள். "கொடுத்து வெச்சவர் சார் நீங்க. உங்க கம்பெனி இயர்பட்ஸ் எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க, ஸ்டாஃப் டிஸ்கவுன்ட் உண்டா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஜாய்சனும் சிரித்துவிட்டான். சிரித்து முடித்த பிறகுதான், மூலையில் கீரைக்கட்டோடு ஹெப்சி நிற்பதைப் பார்த்தான். அவள் எப்போது ஏறினாள் என்று அவனுக்குத் தெரியாது. அவளுடைய காலடிதான் கேட்பதில்லையே.

அவனுடைய மேலதிகாரி தயாளன் சேதி கேள்விப்பட்டுச் சத்தம் அளக்கும் மீட்டரோடு வீட்டுக்கே வந்தார். ஹெப்சி டீ கொண்டுவந்து, சர்க்கரை போதுமா என்று உதட்டால் கேட்டாள். "மச்சான், மீட்டர்ல ஒண்ணுமே ஏறலடா! மனுஷக் குரல், திறந்த ரூம், முழுசா அழிஞ்சிருக்கு. உலகத்துல யாரும் இத பண்ணல" என்று தயாளன் குதித்தார். "எவ்ளோ நாள் ட்ரெயின் பண்ண?" ஜாய்சன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெப்சி தட்டோடு அங்கேயே நின்றாள், அவளுக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தயாளன் அவன் காதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, இயர்பீஸ் எங்க?" என்றார். ஆபீஸ் டிராயரில் பூட்டிவைத்து ஒரு மாதம் ஆகிறது என்றான் ஜாய்சன். தயாளன் மீட்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அப்போ யாருடா இத அழிக்கிறது?" என்று கேட்டார். பிற்பாடு அதே கருவியை வேறு பத்து வீடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த வீட்டிலும் யாருடைய குரலும் போகவில்லை. கம்பெனி அதை அத்தோடு விட்டுவிட்டது.

ஜாய்சன் வெட்கத்தை விட்டுத் தையல்நாயகியிடம் போய் நின்றான். பகலில் ஹெப்சி அவளிடம்தானே பேசுகிறாள். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்: "இன்னா சேதின்னு எனக்குத் தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன். அது உன் காதுக்குன்னு அந்தப் பொண்ணு சொன்ன சொல்லு. நீதான் காத அடைச்சிகினு குந்தியிருந்த. இப்ப வந்து என் வாயக் கிளறினா இன்னா அர்த்தம்?" அவன் செருப்பைக்கூட மறந்துவிட்டு மாடி ஏறினான்.

அன்றிலிருந்து ஜெபத்தின்போது அவன் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துவைத்து அவளுக்கு எதிரில் முழங்காலிட்டான். புரட்டாசி, ஐப்பசி எல்லாம் சும்மாவே போயின. ஏரி நிரம்பி ரோட்டுக்கு வந்த கார்த்திகை மழையில், ஒரு நாள் அந்த ஊமை ஜெபத்தின் நடுவிலிருந்து ஒரு சொல் மட்டும் கணீரென்று வந்து விழுந்தது: சவுரிமுத்து. அவனுக்கு அப்படி யாரையும் தெரியாது. விசாரித்தால், கீழே கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் பேர் அது. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அவரை வாட்ச்மேன் என்றே கூப்பிட்டு வந்தவன், அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு போய், "எப்போ ஆபரேஷன்ணே?" என்று கேட்டான். "டீச்சர் சொன்னாங்களா சார்?" என்றார் அவர் சந்தோஷமாக. ஜாய்சனுக்குத் தன் தொழில் கணக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் எதிர்பார்க்காதது காதுக்கு வந்துவிடுகிறது. தெரிந்ததுதானே என்று அவன் நினைப்பது வருவதில்லை. ஆகவே அவளைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அது லேசான வேலை இல்லை. மார்கழியில் சில சொற்கள் வந்தன, தை மாதம் இன்னும் சில.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கிய வாரத்தில் முழு வாக்கியங்களாகவே ஜெபம் வந்தது. அவள் அதைப் புதிதாகச் சொல்லவில்லை, அன்றைக்கு அறுந்த இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். "ஆண்டவரே, ரெண்டாவதும் தங்கல. அவருக்கு இன்னும் சொல்லல. சொன்னா இந்தத் தடவையாவது என்கூட உக்காந்து அழுவாரா? எனக்குச் சொல்ல வாய் தாரும்." தலை நிமிர்ந்து மூக்கைத் துடைத்தாள். ஜாய்சன் ஆமென் சொல்லவில்லை.

"எப்போ?" என்றான்.

"அன்னிக்குக் காலையில. நீங்க பஸ் ஏறினப்புறம்."

"தனியாவா ஆஸ்பத்திரிக்குப் போன?"

"தையல்நாயகி அக்கா வந்தாங்க."

படியில் எதிர்ப்படும்போதெல்லாம், எல்லாம் தெரிந்த முகத்தோடு தன்னைப் பார்த்து உலை வைக்கப் போனவளை அவன் நினைத்துக்கொண்டான். குழம்பு என்ன என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு ஆறிப்போனது. அழுகைச் சத்தம் இரண்டு பேருடையதும் கீழ்வீடு வரைக்கும் நன்றாகவே கேட்டது.

அந்த வாரமே சட்டியும் வளையலும் மிக்ஸியும் சத்தம் போட ஆரம்பித்தன. குருத்தோலை ஞாயிறன்று ஹெப்சி பாடகர் குழுவில் வாய்விட்டுப் பாடினாள். தக்காளி முப்பதுக்கு இறங்கியது. அவள் குரலில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பவில்லை, புருஷன் பேர். அந்த அத்தனை வருஷ ஜெபத்திலும் ஒரு நாள் தவறாமல் ஒரே மாதிரி அவள் சொல்லிவந்தது அதைத்தானே. இன்றைக்கும் அவள் ஜாய்சன் என்று கூப்பிட்டால் சத்தம் வராது. அது மட்டுமல்ல, அந்தப் பேரின் நீளத்துக்கு மின்விசிறியின் ஓட்டம் கேட்காது, குக்கர் விசில் பாதியில் நிற்கும், பொங்கலுக்கு ஊர் போகிற கூட்டத்தில் திணறும் பெருங்களத்தூர் ஹாரன்கள்கூட ஒரு கணம் அடங்கும். கீழ்வீட்டு டிவி சீரியலில் ஒரு வார்த்தை விழுங்கப்பட்டால், "மேல சார கூப்புடுது" என்று தையல்நாயகி சொல்லிக்கொள்வாள். சங்கத்தார் அதற்கும் பழகிவிட்டார்கள். ஜாய்சன் இப்போது வேறு கம்பெனியில் வேறு வேலை பார்க்கிறான், காதில் எதையும் செருகுவதில்லை. செருகினால் அவள் கூப்பிடுவது தெரியாது. சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து ரயிலையும் லாரியையும் தவளையையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பான். எல்லாம் சேர்ந்து ஒரு பேர் நீளத்துக்கு அறும். "இதோ வந்துட்டேன்" என்று உடனே எழுந்து உள்ளே போவான்.