வழுக்கைத் துளசி

துளசியைக் கொல்ல ஆள் கிடைக்கவில்லை. செம்பூரில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மூத்த விஞ்ஞானி பஞ்சாபகேசனுக்கு அன்றைக்குத் தலைபோகிற பிரச்சினை அதுதான்.

துளசி இலையின் மேல் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் பூனைமயிர் இருக்கிறது. சில மயிர்களின் நுனியில் எண்ணெய் முட்டிக்கொண்டு நிற்கும். நாம் கசக்கி முகர்கிற வாசனையெல்லாம் அந்த நுனியில்தான். இலைத்தோலில் எந்தச் செல் மயிராக எழும்ப வேண்டும் என்று ஒரு மரபணு ஏவுகிறது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று எழும்பிவிடாமல் வேறொரு மரபணு அடக்கி வைக்கிறது. ஹவுசிங் சொசைட்டி கூட்டத்தில் ஒருவர் பேச எழுந்தால் பக்கத்து நாற்காலிக்காரரைப் பிடித்து உட்காரவைப்பார்களே, அதுபோல. அடக்குகிற மரபணுவை முடக்கிவிட்டால் மயிர் மண்டும், எண்ணெய் பெருகும், மாணவி ஷமீமாவுக்கு டாக்டர் பட்டமும் பஞ்சாபகேசனுக்குப் பெயரும் வரும். திட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடக்குகிறதை வெட்டப் போய், கூடவே ஏவுகிறதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். வளர்ந்த செடிகளெல்லாம் எண்ணெய் தடவிய வழுக்கை மண்டை மாதிரி பளபளத்தன.

மரபணு மாற்றிய செடி வெளியே போகக்கூடாது. தோற்றுப்போனவற்றை நீராவியில் அவித்து அழிக்க வேண்டும். அதற்கென்றே ஆட்டோகிளேவ் இருக்கிறது, பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை பாதுகாப்புக் குழு சோதனைக்கு வருகிறது. ஒரு வழுக்கைச் செடி கண்ணில் பட்டாலும் அனுமதி ரத்தாகிவிடும். ஷமீமா மறுபடி விதை போடவே முடியாது.

"செல்வம், அந்தத் தொட்டியெல்லாம் உள்ள தள்ளி சுவிட்சப் போடு."

தாராவியிலிருந்து வேலைக்கு வரும் செல்வம், சாக்கடையில் செத்த எலியைக்கூட வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுகிறவன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த செடிகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்ன சார் சொல்லுதிய? தொளசியப் போயி அவிக்கவா? எலை பறிக்கவே நாள் பாக்கணும், இன்னைக்கி துவாதசி வேற. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா. நம்மால ஆவாது."

பஞ்சாபகேசன் ஷமீமாவின் பக்கம் திரும்பினார். "நீ போடும்மா. உனக்கென்ன தடை?"

"எனக்குத் தடை ஒண்ணும் இல்ல சார். ஆனா ஷமீமான்னு ஒருத்தி துளசிய வேக வெச்சான்னு எவனாவது வாட்ஸ்அப்ல போட்டான்னா? ஆண்டாப் ஹில்ல என் வீட்டு வாசல்ல யார் யார் வந்து நிப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. மாஃப் கரோ சார், என்னை விட்டுடுங்க."

பஞ்சாபகேசன் நாத்திகர். சும்மா நாத்திகர் இல்லை, மாட்டுங்காவில் நாலு பேர் கூடினால் அதைச் சொல்லாமல் கலையாத நாத்திகர். கோயிலுக்குப் போவது மனைவியின் செருப்புக்குக் காவல் நிற்க மட்டும்தான். "நாலு இலை, ஒரு தண்டு, கொஞ்சம் டி.என்.ஏ. இதுக்கா இந்தக் கூத்து? தள்ளுங்கோ, நானே பண்றேன்" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

மளமளவென்று தொட்டிகளை உள்ளே அடுக்கினார். கடைசிச் செடி கதிர் விட்டிருந்தது. அதைத் தூக்கியபோது கை அப்படியே நின்றுவிட்டது. மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சுற்றும் முற்றும் பார்த்தார். பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டுக்கொள்ள அதைவிடப் பயமாக இருந்தது. விஞ்ஞானத்துக்கு ஒரு மாதிரியாவது மிஞ்ச வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, செடியை டிபன் பைக்குள் இறக்கினார். மற்றவற்றுக்குக் கதவைத் திருகி, சுவிட்சைப் போட்டார்.

வீட்டில் மனைவி ராஜலக்ஷ்மி பூரித்துப்போனாள். "கடைசில பகவான் உங்களுக்கும் புத்தியக் குடுத்துட்டார்!"

"லேப்ல மிச்சம், அவ்வளவுதான். யாருக்கும் குடுத்துடாதே" என்று மட்டும் சொன்னார்.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது பால்கனியில் செடி இல்லை.

"ராஜம், செடி எங்கே?"

"கச்ரா டப்பாவுல, குப்பையோட போட்டுட்டேன்."

"துளசியையா?"

"எது துளசி? பெருமாளுக்குப் போடலாம்னு ஒரு தளம் கிள்ளி மோந்து பார்த்தேன். மருந்துக்குக்கூட வாசனை கிடையாது. யாரோ உங்களை நன்னா ஏமாத்தியிருக்கா."

"ஐயோ, அது துளசிதான்! ஆயிரக்கணக்கான மரபணுவில ரெண்டே ரெண்டுதான் மாறியிருக்கு!"

"எனக்கும் பெருமாளுக்கும் அந்த ரெண்டுதான் வேணும்" என்றாள் அவள், விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே.

கீழே குப்பை வண்டி உறுமியது. அது நேராகத் தேவ்நார் குப்பைமேட்டுக்குப் போகும். கதிரிலிருந்து ஒரு விதை அங்கே உதிர்ந்து முளைத்தால் போதும், லேபும் போச்சு, ஷமீமாவின் படிப்பும் போச்சு. பஞ்சாபகேசன் ஈரத்தலையோடு, இடுப்பில் துண்டோடு மூன்று மாடி இறங்கி ஓடினார். வண்டியை மறித்து, தேங்காய் ஓட்டுக்கும் வெங்காயச் சருகுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவி, செடியை ஒரு கதிர்கூட உதிராமல் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். சொசைட்டியே பால்கனியில் நின்று பார்த்தது. "நான் அப்பவே சொன்னேனோல்லியோ, வெளியிலதான் வெத்துப் பேச்சு. உள்ளுக்குள்ள பக்தி இருக்கு" என்று இரண்டாம் மாடி மாமி யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

லேபில் ஷமீமா முகம் வெளுத்து நின்றிருந்தாள். குழு கேட் தாண்டிவிட்டதாம். பஞ்சாபகேசன் பையிலிருந்து செடியை எடுத்தார். "ஒண்ணு தவறிடுத்து" என்று முணுமுணுத்தார். ஆட்டோகிளேவின் முன்னால் போய் நின்றார். கை மறுபடியும் எழவில்லை.

செல்வம் வந்து எட்டிப் பார்த்தான். வீட்டில் தினமும் பார்க்கிற செடிதானே என்ற உரிமையில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"என்ன சார் இது, வாசமே இல்ல? இதுக்கா நேத்து அம்புட்டுப் பேச்சு? இது தொளசியே இல்லையே, ஏதோ களை. மொதல்லயே சொல்லிருந்தா நேத்தே முடிச்சிருப்பம்லா!" செடியைப் பிடுங்கி உள்ளே எறிந்து, கதவைத் திருகி, சுவிட்சைப் போட்டான்.

ஷமீமாவை விட்டால், உலகத்தில் அது துளசிதான் என்று உறுதியாகத் தெரிந்த மனிதர் ஒருவர்தான், அவருக்கு அதை அவருடைய விஞ்ஞானமே சொல்லியிருந்தது. நீராவி சீறியபோது பஞ்சாபகேசனின் இரண்டு கைகளும் தாமாகவே கன்னத்துக்குப் போயின. பார்த்துவிட்ட ஷமீமா சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவி உள்ளே வந்தார். கோபர்கைரனேயில் இருக்கும் சுப்புலக்ஷ்மி என்கிற தமிழம்மாள்தான்.

"எல்லாம் அழிச்சாச்சா? நல்லது. துளசின்னா பல லேப்ல ஆளுங்க கைவெக்கவே மாட்டேங்கறாங்க. இங்க அந்த மாதிரி நம்பிக்கை கிம்பிக்கைன்னு பிரச்சினை எதுவும் உண்டா?"

பஞ்சாபகேசன் வாயைத் திறப்பதற்குள் செல்வம் முந்திக்கொண்டான்.

"எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. பெரிய சாருக்குத்தான் கொஞ்சம் மனசு கேக்கல."