ஏழு வாளிகளும் நாற்பத்து மூன்று விடைத்தாள்களும்

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அறிவியல் டீச்சரின் வீடு எரிந்தது ஞாயிற்றுக்கிழமைதானா என்பதில்கூட இப்போது சந்தேகம் வந்துவிட்டது. வாளிகள் ஏழு என்பது மட்டும் நிச்சயம். ஆசிரியர் ஓய்வறைச் சுவரோரமாக அவை வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து தீப் பிடித்திருந்தது. டீச்சரும் கணவரும் மகளும் திரும்பி வந்தபோது சமையலறையும் முன்னறையும் கரியாகக் கிடந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை. உடுத்தியிருந்த துணியைத் தவிர மிச்சமும் ஒன்றுமில்லை.

செய்தி வந்த காலையிலேயே கணக்கு சார் நீளத் தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். அந்தப் பள்ளியில் எதற்கும் பட்டியல் போடுகிறவர் அவர்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல். மேசை மேசையாகப் போய் நிற்பார். வாயைத் திறக்க மாட்டார். எதிரில் இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் எதையாவது தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிடுவார். இரண்டே நாளில் மெத்தை, குக்கர், போர்வைகள், மகளுக்குச் சீருடை எல்லாம் வந்து சேர்ந்தன. வாளிகளும்.

"ஏழா?" என்றார் பி.டி. சார். "மறுபடியும் தீப்பிடிக்கும்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் பட்டியல்ல ஒண்ணுதான் போட்டேன்" என்றார் கணக்கு சார்.

மூன்றாம் நாள் அறிவியல் டீச்சர் வந்தார். யாருடைய உடையோ, தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் நன்றி சொன்னார். குவித்து வைத்திருந்த சாமான்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கணக்கு சாரின் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பேப்பர் வீட்டுல இருந்துச்சு."

கணக்கு சார் பேனாவை மூடினார். "எத்தனை?"

"நாப்பத்தி மூணு. பதினொண்ணு திருத்திட்டேன்."

"எச்.எம். மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"இப்பதான் சொல்லிட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு எழுதியே ஆகணும்னாங்க. அவங்களும் என்ன பண்ணுவாங்க."

விடைத்தாள் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. படித்தோம் என்று அத்தனை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேசை மேசையாகப் போய் அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தவரே கணக்கு சார்தான். டீச்சரின் வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. மேலிடத்துக்குக் கடிதம் போனால் அந்த நான்கு மாதத்தைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த வீட்டுக்கு என்பது வேறு விஷயம்.

டீச்சர் போன பிறகு கணக்கு சார் வெகுநேரம் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய பை இருந்தது. பைக்குள் பத்தாம் வகுப்பின் இரண்டு கட்டுகள்.

அன்று சாயங்காலம் அந்தக் கட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பிரிக்காம பார்த்துட்டே இருந்தா தானா திருத்திக்குமா?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னார்.

"நீங்களும்தானே எடுத்துட்டு வர்றீங்க?"

"எல்லாரும்தான்."

"அப்ப எல்லாரும் சொல்ல வேண்டியதுதானே. வாளி குடுக்க மட்டும் முந்திக்கிட்டு வந்தாங்க?"

துணைத் தலைமையாசிரியர் பதவி அந்த வருடம் காலியாகவிருந்தது. மூப்புப் பட்டியலில் அவர் பெயர் முதலில், வரலாறு சார் பெயர் அடுத்தது. மனைவிக்கும் இது தெரியும். அவளும் காபியை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"காபி ஆறுது" என்றாள் கடைசியில். "போறது போகட்டும், குடிங்க."

மறுநாள் காலை இன்னொரு நீளத் தாளில் கோடு போட்டார். பெயர், எந்த வகுப்பு, எத்தனை தாள், வீட்டில் எங்கே. முதல் வரியைத் தானே நிரப்பினார். பத்தாம் வகுப்பு, எழுபத்தெட்டு, கட்டிலுக்கு அடியில். கையெழுத்துப் போட்டார். பிறகு மேசை மேசையாகப் போய் நின்றார்.

இந்த முறை அவருடைய மௌனம் எடுபடவில்லை. பூகோள டீச்சர் தாளைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"சார், மெத்தை வேணா இன்னொண்ணு தர்றேன். இதெல்லாம் வேண்டாம்."

கணக்கு சார் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மொழிப்பாட டீச்சர் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார்.

"நான் பஸ்ஸுலயே திருத்திடுவேன். அதை எங்கேன்னு எழுதறது?"

"பஸ்ஸுன்னே எழுதுங்க."

"பீரோ மேலதான் வைக்கறது" என்றார் அடுத்தவர். "கீழ வெச்சா எங்க மாமியார் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுடுவாங்க." சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நான்கைந்து கையெழுத்து விழுந்தது.

"என்கிட்ட பேப்பரே கிடையாது" என்றார் பி.டி. சார். "ஒரு ஃபுட்பால் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன். அதை எழுதட்டுமா?"

"எழுதுங்க."

வரலாறு சார் தாளைத் தொடவே இல்லை. "நான் எடுத்துட்டுப் போறதே இல்லையே."

அவர் நாற்காலிக்குக் கீழே இருந்த பையின் வாயிலிருந்து விடைத்தாள் கட்டைக் கட்டிய வெள்ளை நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கு சார் அந்த நூலைப் பார்த்தபடி நின்றார்.

"அப்படி நின்னு பார்க்காதீங்க சார்" என்றார் வரலாறு சார், தாழ்ந்த குரலில். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கணக்கு சார் நகர்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று நினைத்துப் பார்த்தார்; அப்போதும் வரவில்லை.

கதவருகே போகும்போது பூகோள டீச்சர் கூப்பிட்டார். "அந்தத் தாளை இங்க கொண்டாங்க. போடலேன்னா தூக்கமும் வராது, ஒண்ணும் வராது."

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் போட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பேசாமல் இருப்பதில் அவர் கணக்கு சாரையே தூக்கிச் சாப்பிடுகிறவர். நிமிர்ந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"பந்துன்னு எழுதியிருக்கே, யாரு?"

"பி.டி. சார்."

"திருப்பிக் கொண்டு வந்தாரா?"

"கேக்கணும் மேடம்."

"இதையும் சேர்த்து அனுப்பினா பத்தொன்பது பேர் மேலயும் நடவடிக்கை எடுத்தாகணும். அப்புறம் பள்ளிக்கூடத்தை யார் நடத்துறது? நானும் பியூனுமா?"

தலைமையாசிரியை தாளின் முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.

"கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார் அவர். "உங்க பேரை முதல்ல போட்டிருக்கீங்களே, தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

தலைமையாசிரியை தன் கடிதத்தோடு அந்தத் தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

மேலிடம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அறிவியல் டீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது, பிறகு நிரந்தரமானது. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் முணுமுணுத்துக்கொண்டே தேர்வை மறுபடி எழுதினார்கள். துணைத் தலைமையாசிரியர் பதவி வரலாறு சாருக்குப் போனது. அவர் மோசமாக ஒன்றும் செய்யவில்லை. கணக்கு சார் கணக்கு சாராகவே ஓய்வு பெற்றார். பி.டி. சார் பந்தைக் கொண்டு வந்து கொடுத்தார், காற்று இல்லாமல். டீச்சர் ஒரு வாளியை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்ற ஆறும் மணல் நிரம்பி அறிவியல் ஆய்வகத்தின் வாசலில் இருக்கின்றன.