இரண்டாம் லேபிளின் ஆயுள்

பெனெதித்தா பிறந்த வருடம் எங்கள் ஒயின் ஊரான கையாவில் யாருக்கும் பெருமை தரவில்லை. அறுவடை நேரத்தில் மழை வந்துவிட்டது. பெரிய ஒயின் கம்பெனிகள் எதுவும் அந்த வருடத்துக்கு பல வருடம் புட்டிக்குள்ளேயே முதிரும் விண்டேஜ் போர்ட் ஒயினை முதல் லேபிளில் போடவில்லை.

எனக்கு அது தலைவலியாகிப் போனது. நான் அவளுடைய ஞானத்தாய். பிள்ளை பிறந்த வருடத்து விண்டேஜை வாங்கிக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் ஞானத்தாயின் பொறுப்பு. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது முதல் புட்டியைத் திறப்பார்கள். ஞானஸ்நானத்தன்று வாக்கு மட்டும்தான் கொடுக்க முடியும், ஏனென்றால் அந்த ஒயின் புட்டிக்கு வரவே இரண்டு வருடத்துக்கு மேலாகும். ஆகவே பெனெதித்தா ஓடித் திரிந்து எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் என் வாக்குக்கு வேளை வந்தது.

வந்தபோது கடைகளில் இருந்தது இரண்டாம் லேபிள். முதல் லேபிளுக்கு எட்டாத வருடங்களில் அதே கம்பெனி ஒரே ஒரு தோட்டத்துப் பழத்தை வைத்து வேறு பெயரில் போடும் விண்டேஜ்.

"ரெண்டாம் லேபிளா?" என்றார் காசிமிரு. என் அக்கா சுல்மீராவின் கணவர், பெனெதித்தாவின் அப்பா. வேறொரு கம்பெனியின் ருசி பார்க்கும் அறையில் வேலை பார்க்கிறார். "அது டிவி முன்னால உக்காந்து பாலாடைக்கட்டியோட குடிக்கிற சரக்கு, கொமாத்ரே. பத்து வருஷத்துல திராட்சை ஊறின தண்ணி ஆயிடும். பதினெட்டுல எம்பொண்ணு அதைக் குடிச்சுட்டு நம்ம ரெண்டு பேரையும் திட்டுவா."

பிள்ளையைப் பெற்றவர்கள் ஞானத்தாயைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாயில் அது எப்போதும் பாதி கிண்டலாகவே வரும்.

"வேற என்ன வாங்கட்டும்?"

"வெள்ளிக் கரண்டி வாங்கிக் குடு. கெட்டுப் போகாது."

நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடைக்கு எதிரே ஓதெத்தின் ஒயின் கடை. யாரும் சீண்டாத அந்த விண்டேஜில் இருபது பெட்டி அவள் மலிவாக எடுத்து வைத்திருந்தாள். கரும்பலகையில் எழுதியிருந்த விலைக்கு, என் சேமிப்பில் ஆறு புட்டிப் பெட்டி இரண்டு வாங்கலாம்.

"இது பதினெட்டு வருஷம் தாங்குமா?" என்று கேட்டேன்.

"நான் என்ன ஜோசியக்காரியா? வா, ஊத்திப் பாப்போம். காப்பி குடிச்சியா?"

"இல்ல."

"அந்த ஏப்ரனைக் கழட்டிப் போடு. மாவு வாசனை தூக்குது."

கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியபோது மை போலக் கறுப்பாக இருந்தது. சாய்த்தால் விளிம்பு ஊதாவாகி, கண்ணாடியைக் கறையாக்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது. பிளம் ஜாம் கொதிக்கும் வாசனை. வாயில் வைத்தேன். மெத்தென்று, இனிப்பாக, எந்த வம்பும் பண்ணாமல் நாக்கில் பரவியது.

"துப்பு, துப்பு. முழுங்கிட்டா மூக்கு மந்தமாயிடும்" என்றாள் ஓதெத். தானும் துப்பிவிட்டு உதட்டைத் துடைத்தாள். "ரொம்ப நல்லா இருக்குல்ல?"

"ஆமா."

"அதான் பயமா இருக்கு. சின்ன வயசு விண்டேஜ் ஈறைப் பிடிச்சுக் கடிக்கணும், அப்பத்தான் நாள் தாங்கும். இது மடியில வந்து உக்காருது."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் முழுதாக நம்பவும் முடியவில்லை. முதல் மடக்கில் நன்றாக இருப்பது எப்படிக் குற்றமாகும்? அதைக் கேட்டேன்.

ஓதெத் யோசித்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். எவளும் சோதிச்சுப் பாத்தது கிடையாது." பிறகு பாதிப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இதைச் சும்மா மூடிப் பின்னால வைப்போம். காத்துப் பட்டா வேகமா வயசாகும். ரெண்டு மூணு நாள்ல படுத்துடுச்சுன்னா ஆயுசு கம்மி. தினம் காலையில வந்துடு."

"படுக்கலன்னா?"

"படுக்கலன்னா இந்த விலைக்குக் குடுக்க நான் என்ன லூசா?"

சிக்கல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒயின் செத்தால் பெட்டி இரண்டும் என் கைக்கு வரும், ஆனால் பெனெதித்தாவுக்குப் பயன்படாது. பிழைத்தால் எனக்கு எட்டாது. அப்படியும் மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

ஊற்றி முகர்ந்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஜாம் வாசனை போன இடம் தெரியவில்லை.

"செத்துடுச்சா?"

"செத்தா வெந்த உலர்திராட்சை வாசனை வரும். இது வாயை மூடிக்கிட்டு இருக்கு. நேத்து பல்லைக் காட்டிப் பேசினவ, இன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டா."

அதற்கடுத்த நாள் திராட்சை விதையைக் கடித்ததுபோல் நாக்கு வறண்டது. ஈறு இழுத்துப் பிடித்தது. ஓதெத் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"கடிக்குதுடீ. இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்துச்சு?"

வார முடிவுக்குள் அவளுக்குச் சளி பிடித்துவிட்டது. கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மூக்கு சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மூக்கு போச்சு. வெங்காயத்துக்கும் ரோஜாவுக்கும் வித்தியாசம் தெரியல. இன்னைக்கு நீதான் சொல்லணும். நீ சொல்றதை வச்சு விலையை எழுதிடறேன். லிஸ்பன்லேர்ந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

புட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஊற்றும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். படுத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு இரண்டு பெட்டியும் கிடைத்துவிடும், அவளுக்குத் தெரியவும் போவதில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன்.

அதில் புதிதாக ஏதோ இருந்தது. பழ வாசனை இல்லை. பூ என்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வாசனைதான், ஆனால் பெயர் வரவில்லை. மறுபடி முகர்ந்தேன். எங்கே, எப்போது என்று தேடித் தேடி மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஓதெத், மேல டோரு ஆத்துப் பக்கம் மலைத் தோட்டத்துல, வெயில் காயுறப்ப, நடந்து போனா பாவாடையில பிசினா ஒட்டுமே ஒரு செடி? வெள்ளைப் பூ, நடுவுல கறுப்புப் பொட்டு. அதோட இலையைக் கசக்கின மாதிரி இருக்கு. அது பேரு என்ன?"

அவள் தும்ம வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"எஷ்தேவா."

"அதேதான். முதல் நாள் இது இல்லவே இல்ல. எங்கேருந்து வந்துச்சு?"

"எஷ்தேவா இப்ப வருதா? இத்தனை நாள் திறந்து கிடந்தப்புறம் புது வாசனை வருதுன்னா இதுக்கு ஆயுசு கெட்டிடீ." எழுந்து வந்து கோப்பையை என் கையிலிருந்து வாங்கி உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்து ஈறோடு அழுத்திப் பார்த்தாள். பிறகு நேராகக் கரும்பலகைக்குப் போய், கம்பளி நுனியால் பழைய விலையைத் துடைத்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் எழுதிய புது விலை பழையதைப் போல ஒன்றரை மடங்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை பெட்டி எடுக்கறதா இருந்த?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"இப்ப?"

"ஒண்ணு."

"ஏண்டீ, படுத்துடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நினைச்சேன். அந்தப் பேரு ஞாபகம் வரல."

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. விலையை மட்டும் குறைக்கவில்லை. புட்டியில் கிடந்த கடைசி மடக்கை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். "உன் காசிமிருகிட்ட நீட்டு. வேலை பாக்குற மூக்கு என்ன சொல்லுதுன்னு எனக்கும் தெரியணும்."

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சுல்மீரா அதை வாங்கிக் குளிர்பெட்டி மேல் வைத்தாள். காசிமிரு பெட்டியில் இருந்த பெயரைப் படித்துவிட்டுக் குப்பியைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு கோப்பையைத் தேடி எடுத்து, அதில் ஊற்றி மறுபடி முகர்ந்தார்.

"எப்பத் திறந்தது?"

"ஒரு வாரம் ஆகப்போகுது."

"பொய் சொல்லாத."

"ஓதெத்தைக் கேட்டுக்குங்க."

வாயில் வைத்தார். துப்புவதற்குத் தொட்டிப் பக்கம் போனவர் துப்பவில்லை. பெட்டியை இறக்கினார். "குளிர்பெட்டி மேல சூடு அடிக்கும், அது கூடத் தெரியாதா?" என்று அக்காவிடம் முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இருந்த அலமாரியைக் காலி செய்தார். ஆறு புட்டிகளையும் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார்.

"பெனெதித்தா, உன் வெள்ளைப் பெயிண்டைக் கொண்டா."

குழந்தை டப்பாவோடு ஓடி வந்தாள். "ஏன்?"

"ஒவ்வொரு புட்டியிலயும் மேல ஒரு பொட்டு வை. அப்பத்தான் எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பின்னால தெரியும். வண்டல் கீழ்ப்பக்கம் தங்கும், கலைக்கக் கூடாது."

"ஏன் கலைக்கக் கூடாது?"

அவர் பதில் சொல்லிக்கொண்டே தூரிகையை அவள் கையில் பிடித்துக் கொடுத்தார். இரண்டு புட்டிக்குப் பொட்டு வைத்து முடித்ததும், அலமாரிக்குள் தலையை விட்டபடியே என்னிடம் கேட்டார்.

"ஓதெத்கிட்ட இன்னும் எத்தனை பெட்டி இருக்கு?"